அவருடைய முறை

பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் வார்த்தை கிடைக்காமல் தடுமாறினால் நாம் எடுத்துக்கொடுத்துவிடுவோம். அக்கா கொடுக்கமாட்டார். அந்த ஆளின் முகத்தைப் பார்த்தபடி, அவசரமே இல்லாதவர்போல உட்கார்ந்திருப்பார்.

எங்கள் முதலாளிக்குத் திக்குவாய். பெங்களூரில் கேம் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊரான திண்டிவனத்துக்கே திரும்பி வந்து, ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே மாடியில் சின்னதாக ஆபீஸ் போட்டவர். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நாங்களே முடித்துவைத்துவிடுவோம். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அக்கா வேலைக்கு வந்த பிறகுதான், நாங்கள் முடித்துவைத்த வாக்கியங்களில் பாதி அவர் சொல்ல நினைத்தவை அல்ல என்பது எங்களுக்குத் தெரிந்தது.

நாங்கள் செய்துகொண்டிருந்தது மொபைலில் ஆடும் ஒரு சண்டை விளையாட்டு. விதவிதமான மிருகங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு மூவ். நீங்கள் ஒரு மூவ் போட்டால் அடுத்தது எதிராளி போடுவார். ஒன்றின் உயிர் தீரும்வரை மாறி மாறி இப்படியே போகும். மிருகங்களை வரைவது என் வேலை. எந்த மூவ் எவ்வளவு அடிக்க வேண்டும், எது எப்போதாவது குறி தவற வேண்டும், பெரிய அடி அடித்த மிருகம் அதற்கு விலையாக எதை இழக்க வேண்டும் என்று நிறுத்துப் பார்க்கத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தோம். விழுப்புரத்தில் டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அக்கா அதற்காக வந்தார்.

முதல் நாள் முதலாளி அவர் கையில் ஒரு போனைக் கொடுத்து என்னோடு ஆடச் சொன்னார். நான் தாலாட்டி என்ற மிருகத்தை எடுத்தேன். எதிராளியைத் தூங்கவைத்துவிட்டு, தூங்கும்போதே அடிக்கும் மிருகம். அக்காவின் மிருகம் தூங்கியது. நான் அடித்தேன். மறுபடி அடித்தேன். அக்கா போனையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, என் டர்ன் எப்ப வரும்?"

முதலாளி, "அது தூ... தூ..." என்றார். "தூங்குது!" என்று நாங்கள் எல்லோரும் கோரஸாகச் சொன்னோம். அக்கா எங்களைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார். பிறகு காத்திருந்தார்.

"தூ... தூக்கத்துல இருக்குக்கா. எழுந்திரிக்கிற வரைக்கும் டர்ன் கெடையாது."

"அது தூங்கட்டும் தம்பி, தப்பில்ல. ஆனா நான் முழிச்சிக்கினுதானே இருக்கேன்? போனப் புடிச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கேன். எனக்கு ஒரு வேல வேணாமா?"

அவர் தாலாட்டியின் பலத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. தூங்கும் மிருகத்துக்கு ஒரே ஒரு மூவ் வேண்டும் என்றார். புரண்டு படுப்பது. புரண்டால் அடுத்து விழும் அடி கொஞ்சம் குறைவாக விழும், அவ்வளவுதான். அதற்காக எங்களிடம் இருந்த அத்தனை மிருகங்களும் தூக்கத்தில் புரள்வதை நான் வரைய வேண்டியதாயிற்று. காண்டாமிருகம் மாதிரி இருந்த ஒன்று புரளும்போது அதன் வால் முகத்தில் வந்து விழும்படி வரைந்தேன். அதைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பில் டைல்ஸ் கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். எங்கள் விளையாட்டை ஆடியவர்களுக்கு முதன்முதலாகப் பிடித்துப்போனது அந்தப் புரளல்தான். தோற்றுக்கொண்டிருக்கிற நேரத்திலும் ஏதோ ஒன்று செய்ய முடிகிறது என்று எழுதினார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸில் அது சட்டமாகிவிட்டது. யாருடைய முறையும் காலியாகப் போகக் கூடாது.

இன்னொரு சட்டமும் உண்டு. தீக்குருவி என்ற மிருகம் ஒரே அடியில் பாதி உயிரை எடுத்துவிடுகிறது என்று ஆடுபவர்கள் திட்டித் தீர்த்தபோது, முதலாளி அந்த அடியைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "கொறச்சா அந்தக் குருவிய எவனும் எடுக்க மாட்டான் தம்பி. அடி பெருசாவே இருக்கட்டும். வரப்போவுதுன்னு எதிராளிக்குத் தெரிஞ்சாப் போதும்." அடிப்பதற்கு முந்தின முறையில் குருவி மூச்சை இழுத்து நெஞ்சைப் புடைக்கும்படி என்னை வரையச் சொன்னார். அதைப் பார்த்ததும் எதிராளி ஒதுங்கலாம், கவசம் போடலாம், இல்லை முந்திக்கொண்டு அடிக்கலாம். திட்டுவது நின்றது.

ஒரு மூவை முடிவு செய்வதற்கு முன்னால் அக்கா அதை விழுப்புரத்துக்கு எடுத்துப் போவார். "எங்க வீட்டுக்காரருக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்பார்.

அவருடைய வீட்டுக்காரர் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுபவர். சொந்த ஊர் காணை. அறுவடைக் காலத்தில் மாவட்டம் மாவட்டமாக மிஷினோடு போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில் இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையை அவித்துத் தாம்பாளத்தில் கொட்டி நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் ஆடினார்கள். அவ்வளவு பெரிய கட்டைவிரல்களை நான் பார்த்ததில்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் பக்கத்திலிருப்பதும் சேர்ந்து அமுங்கும். எந்த மிருகத்தை எடுத்தாலும் அதன் பெரிய அடியைத்தான் முதலில் போடுவார். பிறகு களைத்துப்போய், கவசம் போடுவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாமல் நிற்கும் மிருகத்தைப் பார்த்துக் கத்துவார்.

"ஏய், இன்னாமே இது, நவுர மாட்டுது? ஜல்தி ஏதாச்சும் பண்ணச் சொல்லு!"

"நீதானே மாமா பெரிய அடி போட்ட? அது மூச்சு வாங்குது."

"மூச்சு வாங்கினா இன்னா, அடிச்சிக்கினே வாங்க வேண்டிதுதானே?"

அக்கா மல்லாட்டையை உரித்து அவர் பக்கம் தள்ளியபடி, அவர் அடுத்த மூவைத் தேர்ந்தெடுக்கும்வரை காத்திருப்பார். எத்தனை முறை தோற்றாலும் அவர் பெரிய அடியையே போட்டார். அக்கா ஒரு தடவைகூட 'இதைப் போடு' என்று சொல்லித்தரவில்லை.

பூட்டாமைக்குப் பெயர் வைத்தவர் வீட்டுக்காரர்தான். அது அக்காவே யோசித்துப் பிடித்த மிருகம். பூட்டுப் போன்ற ஓடு உள்ள ஆமை. மெதுவானது, பலமாக அடிக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் எதிராளியின் ஒரு மூவைப் பூட்டிவிடும். நான்கும் பூட்டப்பட்டுவிட்டால் எதிராளி உயிர் முழுசாக இருந்தும் சும்மா நிற்க வேண்டும். ஆமை மெல்ல மெல்லக் கடித்தே முடித்துவிடும்.

"நம்ம சட்டம் என்னாச்சுக்கா? முறை காலியாப் போகுதே?" என்று கேட்டேன்.

"அது நாலையும் பூட்றதுக்குள்ள எவ்ளோ நேரம் கெடைக்குது பாரு. அதுக்குள்ள அடிச்சி முடிச்சிடலாம். ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் இருக்கட்டும் பாப்பா. எல்லாரும் பயப்படற மாதிரி ஒண்ணு வேணும்ல?"

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. எங்கள் மிருகங்களிலேயே அதிகம் பேர் விரும்பி எடுத்தது பூட்டாமையைத்தான்.

அடுத்த அறுவடையில் வீட்டுக்காரரின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. கை வியர்த்திருக்கும் என்று நினைத்தார். பிறகு சட்டைப் பொத்தான் போட வரவில்லை. மிஷினில் ஏறும் படியில் கால் தூக்கவில்லை. விழுப்புரத்தில் பார்த்து, புதுச்சேரி பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, நரம்பில் கரண்ட் வைத்துச் சோதித்த பிறகு டாக்டர் அம்மா அக்காவை உட்காரவைத்துச் சொன்னார். மூளையிலிருந்து தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டே வரும். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியாக மூச்சு. அறிவு அப்படியே இருக்கும். கண்ணும் காதும் அப்படியே இருக்கும். குணமாக்க மருந்து இல்லை.

மறுநாள் அக்கா ஆபீஸுக்கு வந்தார். வழக்கம்போலக் கம்ப்யூட்டரைத் திறந்தார். சோதித்துப் பார்க்க வேண்டிய ஆட்டம் ஒன்று இருந்தது. பூட்டாமையும் வேறொரு மிருகமும். இரண்டாவது மூவ் பூட்டப்பட்டதும் எழுந்து வெளியே படிக்கட்டுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"வரப்போறது தெரியணும்னு சொல்லிக்கினு திரிஞ்சேனே பாப்பா" என்றார். "இப்பத் தெரியுது. தெரிஞ்சி இன்னா பண்றது?"

நான் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே டைல்ஸ் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

வீட்டில் ஆட்டம் நிற்கவில்லை. கட்டைவிரல் போனதும் வீட்டுக்காரர், "மூணு" "ஒண்ணு" என்று எண் சொன்னார், அக்கா அமுக்கினார். பேச்சு குழறியதும் அக்கா ஒவ்வொரு மூவாகப் படித்தார். வேண்டியது வந்ததும் அவர் உறுமினார். உறுமலும் போனபின் கண் மட்டும் இருந்தது. ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவார். வேண்டாம் என்றால் மூடிக்கொள்வார்.

விளையாட்டில் மட்டுமில்லை. ஜன்னலைத் திறக்கட்டுமா, இந்தச் சட்டையா அந்தச் சட்டையா, முதலில் தலையைத் துடைக்கவா காலைத் துடைக்கவா என்று ஒவ்வொன்றையும் அக்கா கேட்டுத்தான் செய்தார். சில சமயம் ஒரு சட்டை மாற்றவே வெகு நேரம் ஆகும். வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி. காணையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சின்ன வயதில் அப்பாவை இழந்த அவரை அண்ணன்தான் வளர்த்துப் படிக்கவைத்தார். வாரம் தவறாமல் வந்து அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டுப் போவார். அவருக்கு இது பொறுக்கவில்லை.

"இன்னாத்துக்கு அண்ணி அவரப் போட்டுப் பேஜாரு பண்ற? நீயே எதுனா ஒரு சட்டையப் போட்டு வுடேன். அவுருக்கு இன்னா தெரியப்போவுது?"

"அவுருக்கு எல்லாம் தெரியும் தம்பி" என்று மட்டும் அக்கா சொன்னார். அன்று வீட்டுக்காரர் இரண்டு சட்டைக்கும் கண்ணை மூடினார். அக்கா பீரோவிலிருந்து மூன்றாவதை எடுத்துவந்து காட்டினார். மிஷின் ஓட்டப் போடும் பழைய காக்கிச் சட்டை. கண் மேலே போனது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா பூட்டாமையைப் பற்றி முதலாளியிடம் பேசினார். மிருகத்தையே எடுத்துவிடச் சொல்வார் என்று நான் நினைத்தேன். முதலாளியும் அப்படித்தான் நினைத்தார்போல. முன்கூட்டியே முகம் வாடிவிட்டது.

"எடுக்க வேணாம் தம்பி. நாலும் பூட்டிட்டா, அஞ்சாவதா ஒண்ணு வரணும். 'பார்'னு ஒரு பொத்தான்."

"பா... பார்த்தா என்ன ஆகும்கா? பூட்டு தொறக்குமா?"

"தொறக்காது."

"அடி?"

"ஒண்ணும் ஆவாது. எதிரிய நிமிந்து பாக்கும். அவ்ளோதான்."

"ஒண்ணுமே ஆகாத மூவ் எ... எதுக்குக்கா?"

"ஆடறவன் அதையாவது அமுக்கணும். அதுக்குப் பலம் குடுத்தா பொய்யாயிடும் தம்பி. நாலும் பூட்டினவனுக்குப் பலம் எங்க இருந்து வரும்? ஆனா அவன் அங்க இருக்கான். இருக்கான்னு தெரியணும்."

முதலாளி அன்றே என்னை வரையச் சொன்னார். நான் எல்லா மிருகங்களுக்கும் கண்களை மறுபடி வரைந்தேன். உடம்பு அசையாமல் கண் மட்டும் உயர்வதை வரைவது, காண்டாமிருகத்தைப் புரட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொன்றையும் அக்கா பார்த்துச் சரி சொன்னார். ஒரே ஒரு தடவை, "இவ்ளோ சோகம் வேணாம் பாப்பா. அவுரு அப்டிப் பாக்க மாட்டாரு" என்றார். இந்த மூவால் என்ன பிரயோஜனம் என்று சிலர் கேலி செய்து எழுதினார்கள். அக்கா அவற்றைப் படித்தாரா என்று தெரியாது.

மழைக்காலம் முடியும்போது வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டியது. அதே ஆஸ்பத்திரி. தகவல் தெரிந்து நான் திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் போகும் பஸ் பிடித்துப் போனேன். வராந்தாவில் அக்காவும் கொழுந்தனாரும் நின்றிருந்தார்கள். டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மிஷினில் மாட்டலாம். மிஷினோடு வீட்டுக்கே போகலாம். வருடக்கணக்கில்கூட உயிரோடு இருக்கலாம். நோய் மட்டும் நிற்காது. கண்ணசைவும் ஒருநாள் போய்விடலாம். வேண்டாம் என்றால் மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுப்போம், வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம். யோசித்துச் சொல்லுங்கள்.

"இதுல யோசிக்க இன்னா இருக்கு? போடுங்க டாக்டர்" என்றார் கொழுந்தனார்.

"அவரக் கேக்கணும்" என்றார் அக்கா.

"அண்ணி! இதப் போயி கேப்பாங்களா? சாவறியா பொழைக்கறியான்னு ஒரு மனுசன நிக்க வெச்சிக் கேப்பியா?"

"சட்டைக்கே கேட்டேன் தம்பி. இதுக்குக் கேக்காம எப்டி?"

"நான் உள்ள வரமாட்டேன். என்னால முடியாது." சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அக்கா உள்ளே போனார். மதிய வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் விழுந்திருந்தது. கதவுக் கண்ணாடி வழியாக எனக்கு அக்காவின் முதுகும் வீட்டுக்காரரின் முகமும் தெரிந்தன. அக்கா நிறைய நேரம் பேசினார். கையைத் தன் தொண்டையில் வைத்து எங்கே துளை வரும் என்று காட்டினார். எதையும் மறைக்காமல் சொல்கிறார் என்று தெரிந்தது. பிறகு பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அவர் கண்களை மூடினார்.

அக்கா மறுபடி ஏதோ கேட்டார். கண்கள் மறுபடி மூடின. அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இன்னும் ஒருமுறை பேசினார். இந்தமுறை கண்கள் உடனே மூடவில்லை. வெகுநேரம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு மெல்ல மூடின.

அக்கா வெளியே வந்து, "வேணான்றாரு" என்றார். டாக்டர் அம்மா தானே உள்ளே போய்த் தன் வார்த்தைகளில் கேட்டுவிட்டு வந்தார். பதில் மாறவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்த சில நாட்களில், ஒரு காலையில், அக்கா தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் போனார். திணறல் இல்லை.

பந்தலில் கொழுந்தனார் எல்லோர் முன்னாலும் கத்தினார். "கண்ண மூடினாராம்! தூசி வுழுந்தாக்கூடத்தான் கண்ண மூடுவான் மனுசன்! மிஷின் வெச்சிருந்தா இன்னிக்கு எங்க அண்ணன் இருந்திருக்கும். இவதான் வேணான்னுட்டா!" ஊர் அதையே பிடித்துக்கொண்டது. பார்த்துச் சலித்துவிட்டாள், அதான் என்றார்கள் சிலர். அக்கா தலை நிமிரவில்லை, பதிலும் சொல்லவில்லை. நான் எழுந்து ஏதோ சொல்லப் போனேன். "வுடு பாப்பா. அவரு பேசட்டும். அவருக்கும் அண்ணன்தானே" என்று கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

காரியம் முடிந்து அக்கா ஒருநாள் ஆபீஸுக்கு வந்தார். உட்கார்ந்து ஒரு ஆட்டத்தைத் திறந்தார். முதல் மூவ் போட வேண்டிய இடத்தில் திரை அப்படியே நின்றது. வெகுநேரம் கழித்து அதை அணைத்துவிட்டு எழுந்தார்.

"வேற ஆளப் பாத்துக்கோ தம்பி. என்னால ஆவாது."

முதலாளி எழுந்து நின்றார். "போ... போ..." என்றார். வார்த்தை வரவே இல்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அக்கா பையைத் தோளில் மாட்டியபடியே நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"போகாதீங்கக்கா."

"போறேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு நான் அவரை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். போன கோடையில், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில். மறுபடி டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லித்தருவதாகச் சொன்னார். அன்று காணைக்குப் போய்க்கொண்டிருந்தார். கொழுந்தனாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். கூப்பிடவில்லை. இருந்தாலும் பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறாராம். கையில் குழந்தைச் சட்டை வைத்த கவர் இருந்தது.

பந்தலில் கேட்ட வார்த்தைகள் எனக்கு இன்னும் ஆறவில்லை. "அவரு தெளிவாத்தான் சொன்னாரு. நான் கண்ணாடி வழியாப் பாத்தேன். நீங்க மூணு தடவை கேட்டீங்க, மூணு தடவையும் வேணாம்னுதான் சொன்னாரு. அதை ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

அக்கா வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத ரெண்டு தடவையும் மிஷின் வைக்கட்டுமான்னு கேட்டேன். மூணாவது தடவ அப்டிக் கேக்கல பாப்பா. எனக்கோசரம் இருப்பியா மாமான்னு கேட்டேன்."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அவ்ளோ நேரம் பாத்தாரே, அது அதுக்குத்தான். இன்னொரு தடவ கேட்டிருந்தா சரின்னிருப்பாரு. எனக்குத் தெரியும். கண்ணு மேல போவறதுக்குத் தயாரா இருந்துச்சி. அவுருக்கு வேணாம், ஆனா எனக்கோசரம் ஒத்துக்கினிருப்பாரு." கவரை மடியில் வைத்து அதன் ஓரத்தைத் தடவினார். "அதான் நான் கேக்கல. வெளிய வந்துட்டேன்."

காணை பஸ் வந்து திரும்பி நின்றது. ஜனம் முண்டியடித்தது. அக்கா எழுந்தார், ஆனால் உடனே நகரவில்லை.

"இப்ப தெனமும் கேக்கறேன் பாப்பா" என்றார். "தெனமும் சரின்னுதான் சொல்றாரு."